‘தானே அச்சிட்டது’: யோஷிதா ஹிரோஷியும் பெயரில்லாத கைகளும்

1

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நண்பர் ஒருவர் நாலைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு பழைய மாதக் காலண்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜப்பானிய இயந்திரக் கம்பெனி ஒன்று அனுப்பிவைத்தது. வருஷம் முடிந்து குப்பைக்குப் போக இருந்ததை எடுத்து வந்திருக்கிறார். ‘இந்தப் பக்கத்தப் பாருங்கண்ணா, நம்ம மதுரக் கோயிலு. ஜப்பான்காரன் எப்ப வந்து வரஞ்சான்?’ என்றார்.

மதுரைக் கோயில்தான். வரைந்ததும் அல்ல, மரத்தில் செதுக்கி அச்சிட்டது. யோஷிதா ஹிரோஷி என்ற ஜப்பானிய மரச்செதுக்குக் கலைஞர் 1930 கடைசியில் இந்தியாவுக்கு வந்து, ஊர் திரும்பி, 1931-32-ல் வெளியிட்ட ‘இந்தியாவும் தென்கிழக்காசியாவும்’ என்ற வரிசையில் ஒன்று. படத்தின் விளிம்பில் ஒரு சின்ன முத்திரை இருந்தது. ‘ஜிசூரி’ என்று வாசிக்க வேண்டும் எனப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அர்த்தம்: ‘தானே அச்சிட்டது’.

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய ஷாப்பில் சோதித்த ஒவ்வொரு உதிரிப் பாகத்திலும் ஒரு எண்ணைக் குத்த வேண்டும். பழுது வந்தால் யார் கைபட்டது என்று தெரிவதற்காக. ஆனால் அந்தப் பஞ்ச், நிரந்தரத் தொழிலாளி ஒருவரின் பெயரில் இருக்கிறது. ஒப்பந்த ஆளுக்குத் தனி எண் கிடையாது. ஆறு வருஷமாக நண்பர் சோதிக்கிறார். இன்னொருவர் எண் விழுகிறது. ‘தானே அச்சடிச்சதுன்னு போட்டிருந்தா, தான் அடிக்கலன்னு அர்த்தம்ணா’ என்றார்.

யோஷிதாவைப் பற்றிப் பிறகு நான் தேடிப் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்ப்பதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நண்பர் சொன்னது முழுக்கச் சரி அல்ல. முழுக்கத் தப்பும் அல்ல.

2

முதலில் தொழில்முறையைச் சொல்லிவிட வேண்டும். ‘ஜப்பானிய மரச்செதுக்கு’ என்றதும் நமக்கு ஹொகுசாயின் பேரலை ஞாபகம் வருகிறது. 1830-களின் தொடக்கத்தில் வந்த அச்சு. ஹொகுசாய் என்ற மேதை என்கிறோம். ஆனால் அந்த அலையை மரத்தில் வெட்டியது ஹொகுசாய் அல்ல, காகிதத்தில் ஒற்றியெடுத்ததும் ஹொகுசாய் அல்ல. எடோ நகரத்து முறையில் நாலு பேர் உண்டு. பதிப்பாளர் முதல் போடுவார், எது விற்கும் என்று தீர்மானிப்பார். ஓவியர் மெல்லிய தாளில் கோடு வரைந்து கொடுப்பார். வெட்டுபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். (ஓவியரின் அசல் வரைவு இந்த இடத்தில் அழிந்துபோகிறது. ‘மூலம்’ செத்துத்தான் ‘பிரதி’ பிறக்கிறது. பிரதியைப் பற்றி இத்தனை வருஷம் பேசிய நாம் இதைக் கவனித்திருக்க வேண்டும்.) பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. கடைசியில் அச்சிடுபவர் தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தூரிகையால் பலகையில் தடவி, ஈரத் தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற தட்டையான ஒத்தடக் கருவியால் தேய்ப்பார். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். அதற்காகப் பலகையின் மூலையிலும் ஓரத்திலும் இரண்டு வெட்டுக் குறிகள் உண்டு. எந்திரம் கிடையாது. கையும் கண்ணும்தான்.

இது மலிவுச் சரக்கு. நடிகர்கள், மல்லர்கள், பரத்தையர், ஊர்க்காட்சிகள் என்று நகரத்துச் சாதாரண ஆட்கள் வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்ட விஷயம். நமக்குப் பக்கத்தில் ஒப்பிடத் தக்கது ரவிவர்மா அல்ல. பெரிய எழுத்துப் புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையிலும் விக்கிரமாதித்தன் கதையிலும் வந்த அந்தக் கறுப்பு மரச்செதுக்குப் படங்களைத் திருவிழாக் கடையில் வாங்கிப் பார்க்காத கிராமம் இருந்திருக்காது. கிணற்றில் குழந்தைகளை எறியும் நல்லதங்காளை வெட்டிய கை யாருடையது? பதிப்பித்தவர்கள் பெயர் அட்டையில் இருக்கிறது. வெட்டியவர் பெயர் இல்லை. இன்னும் பின்னால் போனால், எங்கள் தருமபுரி - கிருஷ்ணகிரி மண்ணில் வயலோரம் நிற்கும் நடுகற்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எவன் ஆநிரை மீட்டுச் செத்தான் என்றெல்லாம் கல் சொல்லும். உளி பிடித்தவன் பேரைப் பெரும்பாலும் சொல்லாது.

ஆகவே இது ஜப்பானின் பிரச்சினை மட்டும் அல்ல. செதுக்குகிற கலை இருக்குமிடத்தில் எல்லாம் இந்த மௌனமும் இருக்கிறது.

3

யோஷிதா 1876-ல் கியூஷூ தீவில் குருமே என்ற ஊரில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் உயேதா. பள்ளி ஓவிய ஆசிரியரான யோஷிதா கசாபுரோ பையனின் கையைப் பார்த்துத் தத்தெடுத்துக்கொண்டார். அந்தப் பெயரே நிலைத்தது. இளமையில் அவர் மரச்செதுக்குப் பக்கம் போகவில்லை. மேற்கத்திய முறையில் நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் பழகினார். மெய்ஜி ஜப்பானில் அரசாங்க ஆதரவு பாரீஸ் போய்த் திரும்பியவர்களின் குழுவுக்கு இருந்தது. யோஷிதா அதற்கு எதிர்க் கட்சி. 1899-ல் நண்பர் ஒருவருடன் கையில் நீர்வண்ணங்களோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். டெட்ராய்ட்டில் படங்கள் விற்றுத் தீர்ந்தன. ஜப்பானின் மலையையும் மூடுபனியையும் அமெரிக்கன் காசு கொடுத்து வாங்குவான் என்பதை அவர் இருபத்து மூன்று வயதிலேயே தெரிந்துகொண்டுவிட்டார். இந்தச் சந்தை அறிவை நாம் மறக்கக் கூடாது.

மரச்செதுக்குக்கு வந்தது 1920-ல், நாற்பத்து நான்கு வயதில். வதனபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர், புகைப்படமும் கல்லச்சும் வந்து செத்துக்கொண்டிருந்த பழைய தொழிலை ‘ஷின் ஹங்கா’ (புதிய அச்சு) என்ற பெயரில் உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார். யோஷிதா அவருக்குச் சில வரைவுகள் கொடுத்தார். 1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் வதனபேயின் கடை எரிந்து பலகைகளும் அச்சுகளும் சாம்பலாயின. அதன் பின்பு மறுபடி அமெரிக்கப் பயணம். பழைய ஜப்பானிய அச்சுகளின் மட்டமான பிரதிகள்கூட அங்கே நல்ல விலைக்குப் போவதைப் பார்த்தார். 1925-ல் ஊர் திரும்பியதும் சொந்தப் பட்டறை. வெட்டுபவர்களையும் அச்சிடுபவர்களையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

இங்கேதான் முத்திரை வருகிறது. பதிப்பாளரின் பிடியிலிருந்து ஓவியன் விடுபட்டான் என்பதற்கான பிரகடனம் ‘ஜிசூரி’. இது பொய்ப் பிரகடனம் அல்ல. யோஷிதா வெட்டவும் அச்சிடவும் தானே கற்றுக்கொண்டார். தொழிலாளிக்குத் தெரிந்ததைவிட முதலாளிக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு. தாள் தாளாகப் பார்த்தார், பிடிக்காததைக் கழித்தார். எடோ காலத்து அச்சுகளுக்குப் பத்துப் பதினைந்து ஒற்று போதும் என்றால், யோஷிதாவுக்குச் சராசரி முப்பதுக்கு மேல். 1937-ல் வந்த யோமெய் வாசல் படத்துக்குத் தொண்ணூற்றாறு. ஒரே தாளை ஒரு மனிதர் தொண்ணூற்றாறு முறை அதே குறியில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு தடவை பிசகினாலும் முந்தின உழைப்பு அத்தனையும் வீண். ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பாரம் உடனே தெரியும்.

அந்த உழைப்பின் விளைவையும் சொல்லியாக வேண்டும், மழுப்பக் கூடாது. 1926-ல் வந்த பாய்மரப் படகுகளை அதே பலகைகளிலிருந்து வண்ணத்தை மட்டும் மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று எடுத்தார். பொருள் ஒன்று, நேரம் ஆறு. ஓவியத்தில் ‘காட்சி’ என்பது பொருளில் இல்லை, ஒளியில் இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது. ஆனால் விளிம்பில் ஒரே ஒரு பெயர்தான். ஆங்கிலத்தில் பென்சில் கையெழுத்து (வாங்குகிறவர் யார் என்பது இதிலேயே தெரிகிறது), பக்கத்தில் ‘தானே அச்சிட்டது’. பதிப்பாளருக்கும் ஓவியருக்கும் இடையிலான அதிகாரம் கைமாறியது. அதற்குக் கீழே எதுவும் நகரவில்லை.

இதற்கு அப்போதே ஜப்பானுக்குள் ஒரு மறுப்பு இருந்தது. 1904-ல் யமமோத்தோ கனாயே ‘மீனவன்’ என்ற சிறிய அச்சை வரைந்து, வெட்டி, அச்சிட்டு எல்லாம் தானே செய்தார். ‘சோசக்கு ஹங்கா’ (படைப்பு அச்சு) இயக்கத்தின் தொடக்கம் அது. சுயமாய் வரைதல், சுயமாய் வெட்டுதல், சுயமாய் அச்சிடல் என்பது அவர்கள் கோஷம். நம் தோழர்களுக்கு இது பிடிக்கும். எனக்குச் சந்தேகம் உண்டு. வெட்டுபவனுக்கு இங்கே பெயர் கிடைக்கவில்லை; வெட்டுபவனே இல்லாமல் போகிறான். உழைப்புப் பிரிவினைக்கு இது விடை அல்ல, அதிலிருந்து தனிமனிதன் ஒருவனின் வெளிநடப்பு.

4

1930 நவம்பரில் யோஷிதா மூத்த மகன் தோஷியை அழைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வந்தார். சில மாதச் சுற்றுப்பயணம். டார்ஜிலிங்கில் காஞ்சன்ஜங்கா, காசிப் படித்துறை, தாஜ் மகால், பதேபூர் சிக்ரி, அமிர்தசரஸ் பொற்கோயில், உதய்பூர், சாஞ்சி, அஜந்தா, எல்லோரா, நம் மதுரை. மலையேறும் பித்து அவருக்கு உண்டு. காஞ்சன்ஜங்காவின் விடியல் சும்மா வரைந்ததல்ல, காத்துக் கிடந்து பார்த்தது. தாஜ் மகாலையும் படகுகள் மாதிரியே பகலிலும் இரவிலும் எடுத்தார். பதேபூர் சிக்ரி என்னைத் தொந்தரவு செய்கிற படம். கல் சல்லடை வழியே பொன்னிற வெளிச்சம் விழுகிறது, உள்ளே இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்கு எத்தனை பலகை, எத்தனை ஒற்று என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

சரி, அந்த இரண்டு பேர் யார்? 1930-ன் இந்தியர்களா?

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் தண்டி யாத்திரை. ஏப்ரலில் வேதாரண்யம், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பெடுத்துக் கைதானார். மே மாதம் காந்தி கைது. 1931 ஜனவரி 26 அன்றுதான் விடுதலை. யோஷிதாவின் பயணத்தில் பெரும்பகுதி காந்தி சிறையில் இருந்த காலம். ஊர் ஊராகத் தடியடி, மறியல், நிரம்பி வழியும் சிறைகள். நான் பார்த்த யோஷிதாவின் எந்த இந்தியப் படத்திலும் ஒரு தடி இல்லை, ஒரு கதர்க் குல்லாய் இல்லை, ஒரு வெள்ளைக்காரன்கூட இல்லை. இருப்பதெல்லாம் தலைப்பாகை, ஒட்டகம், கோபுரம், ஒளி. கீழைத்தேயத்தைக் ‘காலமற்ற’ இடமாக ஆக்கும் பார்வை ஐரோப்பியனுக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தோம். ஆசியனும் அதை ஆசியாவின் மேல் போடலாம். அமெரிக்கச் சந்தை அதைத்தான் கேட்டது. 1930-லேயே டோலிடோ அருங்காட்சியகத்தில் புதிய ஜப்பானிய அச்சுகளின் பெரிய கண்காட்சி நடந்திருந்தது. யோஷிதா அதில் முக்கியமான பெயர்.

அதே 1930-ல் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் லினோலியத்தில் ஒரு காந்தியை வெட்டினார். கறுப்பில் வெள்ளைக் கோடுகள், கையில் கோல், முன்வைத்த கால். ஒரே பலகை, ஒரே ஒற்று. நந்தலாலுக்கு ஜப்பான் தெரியாததல்ல. 1924-ல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போய்வந்தவர். பல வண்ணம் என்ற வித்தை அவர் கண்ணெதிரே இருந்தது. அவசரம் வேறு ஒன்றைக் கேட்டது. தொண்ணூற்றாறு ஒற்றுக்கும் ஒரு ஒற்றுக்கும் நடுவில் இருப்பது திறமை வித்தியாசம் அல்ல. யாருக்காக, எத்தனை சீக்கிரம் என்ற வித்தியாசம்.

5

இந்தியப் படங்கள் டோக்கியோவில் அச்சாகிக்கொண்டிருந்த 1931-ன் ஆகஸ்டில், ஷாங்காயில் இன்னொரு ஜப்பானியர் மரச்செதுக்குக் கற்றுக்கொடுத்தார். பெயர் உச்சியாமா ககிச்சி. கலைஞராகப் புகழ் பெற்றவர் அல்ல; பள்ளிக்கூட வாத்தியார். ஷாங்காயில் புத்தகக்கடை வைத்திருந்த அண்ணன் உச்சியாமா கான்சோவைப் பார்க்க விடுமுறைக்கு வந்திருந்தார். கடைக்கு வழக்கமாக வரும் லூ சுன், ‘எங்கள் பையன்களுக்குச் சொல்லித் தருவீர்களா’ என்று கேட்டார். ஆகஸ்ட் 17 முதல் 22 வரை ஆறு நாள், பதின்மூன்று மாணவர்கள். மொழிபெயர்ப்பாளர் லூ சுன்தான். நவீன சீன மரச்செதுக்கு இயக்கம் இந்த ஆறு நாளிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். அடுத்த மாதமே ஜப்பான் மஞ்சூரியாவில் நுழைந்தது. ஜப்பானியர் ஒருவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கத்தி, ஜப்பானியப் படையெடுப்புக்கு எதிரான படங்களை வெட்டியது.

யோஷிதா அப்போது எங்கே? 1938-லிருந்து 1940 வரை போர் ஓவியராகச் சீனாவுக்குப் போய்வந்தார். போருக்குப் பிறகு, 1945-க்கு மேல், அவருடைய டோக்கியோப் பட்டறை ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்க அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் வந்து பார்த்து வாங்கும் இடமாயிற்று. 1950-ல் செத்துப்போனார். அவரை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. அரசாங்கம் கேட்டபோது மறுத்த ஓவியர்கள் அங்கே மிகச் சிலரே. ஆனால் ஒளியை மட்டுமே பார்க்கப் பழகிய கண், துப்பாக்கி பக்கத்தில் நிற்கும்போதும் ஒளியைத்தான் பார்க்கும். பதேபூர் சிக்ரியின் அழகுக்கும் இந்தக் குருட்டுத்தனத்துக்கும் தொடர்பில்லை என்று நம்மால் ஒதுக்கிவிட முடியாது.

சீன மரச்செதுக்குகள் நாற்பதுகளில் இடதுசாரி வட்டாரங்கள் வழியே இந்தியாவுக்கு வந்தன. வங்கத்துச் சித்தப்ரசாத்தும் சோம்நாத் ஹோரும் அவற்றைப் பார்த்தவர்கள். 1943 பஞ்சத்தில் மிதுனபுரியில் நடந்து திரிந்து சித்தப்ரசாத் வரைந்த ‘பசித்த வங்கம்’ நூலின் 5000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறித்து அழித்தது. குடும்பத்திடம் தப்பிய ஒரு பிரதியிலிருந்துதான் 2011-ல் மறுபதிப்பு வந்தது. பிற்பாடு உழைக்கும் குழந்தைகளைப் பற்றி அவர் வெட்டிய லினோ அச்சுகளை யுனிசெஃபின் டென்மார்க் குழு 1969-ல் நூலாக்கியது. செங்கல் சூளையையும் கல்குவாரியையும் தெரிந்த எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தக் குழந்தைகளை யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆக, ஜப்பானிலிருந்து நம்மை நோக்கி இரண்டு கைகள் நீண்டன. ஒன்று மதுரைக் கோயிலை எடுத்துப்போய் டெட்ராய்ட்டுக்கும் டோலிடோவுக்கும் தந்தது; எண்பது சொச்சம் வருஷம் கழித்துக் கம்பெனிக் காலண்டராக ஓசூருக்குத் திரும்பி வந்தது. மற்றது ஆறு நாள் கற்றுக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டது. அதற்கு முத்திரை கிடையாது. கற்றுக்கொடுத்தவர் மாணவர்களின் படத்தில் தன் எண்ணைக் குத்தவில்லை.

6

இப்படியெல்லாம் நான் நண்பரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ‘ரெண்டாவது ஆளு நல்லவருண்ணா, சரி. அந்த மொதலாளி கிட்ட வெட்டிக் குடுத்தவங்க என்னா ஆனாங்க?’ என்றார். என் கட்டுரை அந்த இடத்தில் நின்றது. யோஷிதா, கனாயே, நந்தலால், ககிச்சி என்று நான் அடுக்கியதெல்லாம் பெயருள்ளவர்களின் வரிசை. ‘மாற்று வரலாறு’ எழுதப் போய்ப் பழைய வரலாற்றின் விளிம்பை அப்படியே விட்டிருக்கிறேன். பதேபூர் சிக்ரியின் பொன்னிறத்தை ஒற்றியெடுத்த அச்சுக்காரர் அந்த ஊரைப் பார்த்தவரில்லை. முதலாளியின் வர்ணத் தாளைப் பார்த்து, மணிக்கட்டின் அழுத்தத்தால், தான் காணாத நாட்டு வெயிலைக் கொண்டுவந்தார். அதற்குப் பெயர் கலை இல்லையென்றால் வேறு எதற்கு?

நம் வீட்டுக் கதையும் இதுதான். தமிழ்ச் சிற்றிதழ்கள் எத்தனையோ ஓவியர்களின் லினோ அச்சுகளை அட்டையில் போட்டிருக்கின்றன. ஓவியர் பெயர் உள்ளே இருக்கும், அச்சகத்தின் பெயர் சட்டத்துக்காக இருக்கும். எழுத்துக் கோத்தவர், டிரெடிலை மிதித்தவர், ராத்திரி உட்கார்ந்து தைத்தவர் பெயர் இருக்காது. உழைப்பின் அந்நியமாதலைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை போட்ட இதழ்களிலும் இருக்காது. நானும் அவற்றில் எழுதியிருக்கிறேன், ஒருமுறையாவது கேட்டதில்லை.

இப்போது கேட்கிறேன். இந்த இதழுக்குப் பக்கம் அமைத்தவர், பிழை திருத்தியவர், மெஷின் ஓட்டியவர், மடித்துத் தைத்தவர் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், ஆசிரியர் கடைசிப் பக்கத்தில் போட வேண்டும். இடம் போதாது என்றால் இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை வெட்டிக்கொள்ளட்டும். இதழ் வந்ததும் முதல் பிரதியை நண்பரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் கட்டுரையைப் படிப்பாரோ என்னவோ, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.